மூன்றாம் ஓலை

ஷிப்டு முடிந்து வரும் ஜெரால்டு வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வண்டியை முருங்கை மரத்தடியில் நிறுத்திவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் குழாயடிக்குப் போவான். போட்டிருக்கும் துணி அத்தனையும் மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்முக்குள் போகும். துணி சோப்பை எடுத்து உடம்பைத் தேய்ப்பான், பாத்திரம் விளக்குகிற தேய்ப்பு அது. நகக்கண்ணை ஈர்க்குச்சியால் நோண்டுவான். மூக்கைச் சிந்துவான். அப்புறமும் கூடத்தில் உட்காராமல் பின்வாசல் படியிலேயே உட்கார்ந்து சோறு தின்பான்.

அவன் வேலை அப்படி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கிக் கட்டியாக வார்க்கிற கம்பெனி. உலைப்பக்கம் நிற்கிறவர்களுக்கு அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ஒரு தடவை அப்படிப் பார்த்தபோது, "உனக்கு ரத்தம் கம்மியா இருக்குப்பா, ஈயத்தாலகூட இருக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த 'இருக்கலாம்' கவரைப்பேட்டை காலனிக்கு வந்து சேர்வதற்குள் 'ஈயத்தாலதான்' ஆகிவிட்டது. பிறகு பிள்ளை ஜோஷ்வா ஒரு வயதில் வெளுக்க ஆரம்பித்தபோது யாரும் வேறு காரணம் தேடவில்லை. அப்பன் உடம்பில் ஒட்டி வந்த ஈயம் பிள்ளை வயிற்றுக்குள் போய்விட்டது, அவ்வளவுதான். வந்தவன் போனவன் எல்லாம் அதைத்தான் சொன்னான்.

அன்றைக்கும் குழாயடிச் சத்தம் கேட்டதும் ஜோஷ்வா "ப்பா" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். ஜெரால்டின் பெண்டாட்டி சுகிர்தா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து அவனைத் தூக்கினாள்.

"இன்னாய்யா, பாத்துக்கினே நிக்கிற? மேல பட்டா இன்னா ஆவறது?"

"குளிச்சிட்டேன்டி. ரெண்டு தபா தேச்சிக்கினேன்."

"தோலுக்குள்ள கீறது சோப்புல பூடுமா? புள்ள மூஞ்சப் பாரு. சுண்ணாம்பு அடிச்சாப்ல கீது."

ஜெரால்டு ஈரத் துண்டோடு படியில் உட்கார்ந்தான். அவன் அம்மா ரோசம்மாள், அம்மிப் பக்கம் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தவள், நிமிராமலே சொன்னாள்.

"அவன ஏன்டி கரிச்சிக் கொட்ற? கம்பெனிக்காரன் பண்ற பாவம் அது. நம்ப பாவம் இல்ல."

அதுதான் விஷயம். ஈயம் என்றால் யார் மேலும் பழி இல்லை. கம்பெனியைத் திட்டிவிட்டு வயிறாரச் சாப்பிடலாம்.

அந்த வீட்டில் கல்யாண வேலை வேறு நடந்துகொண்டிருந்தது. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சம்பந்தம். சுகிர்தாவை ஜெரால்டுக்குக் கொடுத்தார்கள் அல்லவா, இப்போது ஜெரால்டின் தங்கை ஹெலனைச் சுகிர்தாவின் தம்பி தாவீதுக்கு எடுக்கிறார்கள். தாவீது அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் நிலக்கரி பெல்ட்டுப் பக்கம் காண்டிராக்ட் வேலை. ஹெலன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பாக்கிங். அவளுக்கு இதற்கு முன் இரண்டு இடம் பேசித் தட்டிப்போய், இது கூடி வந்ததில் ரோசம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. செத்துப்போன புருஷன் சாலமோன் படத்துக்குப் புதுசாகச் சரவிளக்குகூடப் போட்டாள்.

ஜோஷ்வாவுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்து, வயிறு உப்பி, பொன்னேரியில் பார்த்து, அங்கிருந்து சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிள்ளைக்கு எல்லாம் பார்த்த பிறகு அப்பா அம்மா ரத்தமும் வேண்டும் என்று எடுத்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் இளமதி இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்தார். சின்ன வயசுப் பெண்தான்.

"ஈயம் பாத்தாச்சும்மா. பயப்படற அளவுக்கு இல்ல. இது வேற. தலசீமியான்னு பேரு. பையன் உடம்புல நல்ல ரத்தம் ஊறல. மாசாமாசம் ரத்தம் ஏத்தணும்."

"எத்தினி மாசத்துக்கு?" என்றான் ஜெரால்டு.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "தொடர்ந்து ஏத்தணும்ப்பா."

"அப்ப ஈயம் இல்லன்னா, இது எங்கேர்ந்து வந்துச்சு?" என்றாள் சுகிர்தா.

"உங்க ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்திருக்கு."

"எங்களுக்கு ஒன்னும் இல்லியே. நான் நல்லாத்தான கீறேன்?"

"நல்லாத்தான் இருப்பீங்க, ரத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கும், அவ்வளவுதான். இப்படி நெனச்சுக்கங்க. ஒரு வீட்ல தண்ணிக்கு ரெண்டு மோட்டர். ஒன்னு ரிப்பேர். இன்னொன்னு ஓடுது, தொட்டி ரொம்புது. ரிப்பேரானது இருக்குன்னே வீட்ல யாருக்கும் தெரியாது. நீங்களும் அப்படி, அவரும் அப்படி. குழந்தை பொறக்கறப்ப அம்மா ஒரு மோட்டர் குடுப்பாங்க, அப்பா ஒன்னு குடுப்பாரு. எதைக் குடுக்கறோம்னு நம்ம கையில இல்ல. ஜோஷ்வாவுக்கு ரெண்டுமே ரிப்பேரானதா வந்துடுச்சு."

"யாராச்சும் ஒருத்தர் நல்லத குடுத்திருந்தாலும்..." என்று இழுத்தாள் சுகிர்தா.

"தப்பிச்சிருப்பான். ரெண்டும் சேரணும். உங்கள மாதிரி ரெண்டு பேருக்குப் பொறக்கற ஒவ்வொரு கொழந்தைக்கும் நாலுல ஒரு பங்கு இந்த பயம் இருக்கு." டாக்டர் குரலைத் தணித்தார். "கூடப்பொறந்தவங்க இருந்தா அவங்களுக்கும் உங்கள மாதிரி ஒன்னு ரிப்பேரா இருக்கலாம். கல்யாணம் ஆகாதவங்கன்னா முன்னாடியே டெஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க."

சுகிர்தாவுக்குத் தாவீதும் ஹெலனும்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஜெரால்டைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும்போது கும்மிடிப்பூண்டி லோக்கலில் உட்கார இடம் கிடைத்தது. முதல் தடவை ரத்தம் ஏறிய தெம்பில் ஜோஷ்வாவின் உதட்டில் கொஞ்சம் நிறம் தெரிந்தது. ஜெரால்டு கையை நீட்டினான். நீட்டிவிட்டு, கேட்கலாமா என்பதுபோல அவளைப் பார்த்தான். சுகிர்தா பிள்ளையை எடுத்து அவன் மடியில் வைத்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் தொடாத பிள்ளை. அவன் பிள்ளை தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஊர் பார்க்கிறதே என்றுகூட இல்லாமல் குலுங்கிக் குலுங்கி அழுதான். எதிர் சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை நாள் இவனை நாய் மாதிரி பின்வாசலில் உட்கார வைத்தோமே என்று சுகிர்தா அவன் பக்கம் நகர்ந்து ஒட்டி உட்கார்ந்தாள்.

எண்ணூர் தாண்டியதும் அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"சுகி. இத்த ஊட்ல சொல்லாத."

"இன்னா?"

"ஈயமாவே இருக்கட்டும். ஹெலனுக்கு ரெண்டு எடம் பூட்ச்சு. இதுவும் நின்னா அம்மா உசுர வுட்ரும். ரத்தத்துலயே கோளாறுன்னு ஒரு வார்த்த வெளிய வந்தா அப்பால எவன் வருவான் எங்க ஊட்டுக்கு? உங்க ஊட்டுக்குந்தான் எவன் பொண்ணு குடுப்பான்?"

"அவங்களுக்கும் இந்த மாதிரி பொறந்தா?"

"நாலுல ஒன்னுன்னாங்க இல்ல? நம்பளுக்கு வந்துட்ச்சு. கணக்கு தீந்துச்சு."

"ஒவ்வொரு கொயந்தைக்கும்னு சொன்னாங்கய்யா! பந்தியில எல போட்டு பங்கு வெக்கிறாங்களா, நம்ப துன்னுட்டா அவங்களுக்கு இல்லன்றதுக்கு?"

"கல்யாணம் முடியட்டும். அப்பால சொல்லிக்கலாம். இவன் தலையில கைய வெச்சி சொல்லு, சொல்லமாட்டேன்னு."

இப்போதுதான் மடியில் பிள்ளையோடு அழுதவன் கேட்கிறான். சுகிர்தா தூங்குகிற பிள்ளையின் தலையில் கையை வைத்தாள். சூடாக இருந்தது. சொல்லமாட்டேன் என்றாள். வார்த்தை வாயை விட்டுப் போனதுமே பயம் வந்து உள்ளே உட்கார்ந்துகொண்டது.

அவர்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, தடை உண்டென்று அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று ஆயர் படிப்பார். யாரும் தெரிவித்ததாகச் சரித்திரம் இல்லை. அந்த இடத்தில் ஒருத்தர் இருமுவார், ஒரு பிள்ளை அழும், ஆயர் அடுத்த பாட்டு நம்பரைச் சொல்லிவிடுவார்.

முதல் ஓலை அன்று சுகிர்தாவும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். 'தடை உண்டென்று அறிந்தவர்கள்' என்றதும் காது அடைத்து, மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. மடியில் இருந்த பிள்ளையின் தலையைத் தொடப் பயந்து கையைப் பெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் ஹெலன் ரவிக்கை அளவு கொடுத்துவிட்டு வந்து பக்கத்தில் படுத்தாள். ஜோஷ்வாவை நெஞ்சில் போட்டுக்கொண்டாள்.

"அண்ணி, எனக்கு மொதல்ல பையன்தான். இவன மாதிரியே வோணும். இதே கண்ணு, இதே மூக்கு."

"வாயக் கழுவுடி!" என்று கத்திவிட்டாள் சுகிர்தா.

ஹெலன் பயந்து எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "இன்னா அண்ணி, இன்னா சொல்லிட்டேன் நானு?"

"ஒன்னுல்ல. சீக்காளிப் புள்ள மாதிரின்னு சொல்லலாமா? நல்லா கீற புள்ள மாதிரி கேளு."

"ஈயம் எறங்கிட்டா நல்லாயிடுவான் அண்ணி. நீ வேற."

இரண்டாம் ஓலைக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. காலனித் தெருவில் முழங்கால் தண்ணீர். தாவீது பேண்டைச் சுருட்டிக்கொண்டு அக்காவைப் பார்க்க வந்தான். கையில் சூடாக இட்லியும் வடகறியும் பொட்டலம். மடமடவென்று அவனே பாதியைத் தின்றான். சத்தியம் மீறாமல் எப்படிச் சொல்வது என்று சுகிர்தா மென்று விழுங்கினாள்.

"தாவீது, கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒரு ரத்த டெஸ்டு எடுத்துக்கங்கடா. இப்பல்லாம் எல்லாரும் எடுக்கறாங்க."

"எனுக்கு இன்னாத்துக்குக்கா? மாமா மாதிரி நான் ஈயத்துலயா வேல செய்றேன்? நான் கரியில கீறேன். என்னத்த டெஸ்டு பண்ணாலும் கருப்பாத்தான் வரும்." அவனே சிரித்தான்.

"வெளையாடாதடா. எனக்காவ எடு."

"சும்மா பேஜாரு பண்ணாதக்கா. பொண்ணாண்ட போய் ரத்தம் குடுன்னா இன்னா நெனைக்கும்? கேவலமா நெனைக்காது?"

அவன் போனதும் ரோசம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். மூஞ்சி வேர்த்திருந்தது, அந்த மழைக் குளிரில்.

"இன்னாத்துக்குடி ரத்தம் கித்தம்னு அவன கிண்டிக்கினு கீற?"

"நல்லதுக்குத்தான் அத்த. மடியில கனம் இருந்தாத்தான வழியில பயம்? எடுத்தா இன்னா?"

"ஒன்னும் எடுக்க வோணாம். எங்க ஊட்ல எல்லாம் நல்லாத்தான் பொறந்துச்சு. நல்லாத்தான் வளந்துச்சு. தெரிஞ்சிக்கோ."

சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டாள். கேட்காத கேள்விக்கு எதற்கு இப்படிப் பதறிப் பதில் சொல்கிறாள் என்று சுகிர்தாவுக்குத் தோன்றியது. அப்போது அதற்கு மேல் யோசிக்கவில்லை. அவளுக்கு அவள் பயமே பெரும் பயம். இரண்டாம் ஓலை வாசித்தார்கள். யாரோ இருமினார்கள். பாட்டு நம்பர் சொன்னார்கள்.

அடுத்த தடவை ரத்தம் ஏற்றப் போனபோது ஜோஷ்வாவின் கையில் நரம்பு கிடைக்காமல் இந்தக் கை, அந்தக் கை, கால் என்று தேடினார்கள். பிள்ளை கத்திக் கத்திக் குரல் கம்மிப்போனது. பக்கத்துக் கட்டிலில் பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி, முத்தம்மா என்று பேர், இரண்டு பிள்ளைகளை இரண்டு பக்கமும் படுக்கவைத்து நடுவில் உட்கார்ந்திருந்தாள். இரண்டுக்கும் பாட்டில் தொங்கியது.

"ரெண்டுக்குமாக்கா?" என்றாள் சுகிர்தா.

"ஆமா. மொதலுக்கு வந்துச்சு, இனிமே வராதுன்னு எங்க நைனா சொன்னாரு. நம்பிட்டோம்." பெரிய பிள்ளை வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டே சொன்னாள். "முன்னாடியே எவனாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவன் காலக் கழுவிக் குடிச்சிருப்பேன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சுகிர்தா அந்த வார்த்தையையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் ஓலை அன்று மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. பெண்கள் பக்கம் ரோசம்மாள், ஹெலன், சுகிர்தா. ஆண்கள் பக்கம் ஜெரால்டின் மடியில் ஜோஷ்வா. இப்போதெல்லாம் பிள்ளை அவனை விட்டு இறங்குவதில்லை. தாவீதும் புதுச் சட்டையில் வந்திருந்தான். ஆயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "...தடை உண்டென்று அறிந்தவர்கள் இப்போது தெரிவிக்க வேண்டும்."

சுகிர்தா கண்ணை மூடினாள். ஆண்டவரே, என் பிள்ளை தலையில் அடித்துச் சொன்ன சத்தியம், அவனை ஒன்றும் பண்ணாதே, என்னைப் பண்ணு என்று மனசுக்குள் அரற்றினாள். ரோசம்மாள் அவள் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள், என்னவோ தெரிந்தவள் மாதிரி. முந்தானை இழுபட, சுகிர்தா எழுந்து நின்றாள்.

"ஐயா, ஒன்னு சொல்லணும்."

ஆயர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"என் புள்ளைக்கி ஈயம் இல்ல ஐயா. ரத்தத்துலயே நோவு. எங்க ஊட்டு ரத்தமும் இவங்க ஊட்டு ரத்தமும் சேந்து வந்துச்சாம். என் தம்பிக்கும் ஹெலனுக்கும்கூட அது இருக்கலாம். ரெண்டு பேருக்கும் இருந்து கட்டிக்கினா, பொறக்கறது ஜோஷ்வா மாதிரி பொறக்கும். டெஸ்டு பாத்துட்டு அப்பால கட்டட்டும்."

"அக்கா!" என்று தாவீது எழுந்துவிட்டான். "பைத்தியமா உனுக்கு?" சலசலப்பு கிளம்பியது. 'நாத்தனாருமேல பொறாம' என்று ஒரு குரல். 'புள்ள சீக்குல புத்தி பேதலிச்சிருக்கும், பாவம்' என்று இன்னொன்று. ஆயர் கையை உயர்த்தி அடக்கினார். பிறகு ஆண்கள் பக்கம் திரும்பினார்.

"ஜெரால்டு, இது நிஜமாப்பா?"

ஜெரால்டு தலையைத் தூக்கவில்லை. சுகிர்தா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவன் 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் பைத்தியக்காரிதான், ஓலை முடிந்தது. ஜோஷ்வா அவன் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தான். ஜெரால்டு அந்தச் சின்ன விரல்களை விலக்கி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"அவ சொல்றது நெசந்தான் ஐயா. எனுக்கும் கீது. நான்தான் சொல்ல வோணாம்னு அவ வாயக் கட்டிப்புட்டேன்."

ஆயர் ஓலையை மடித்து வைத்தார். அன்றைக்கு யாரும் இருமவில்லை.

வெளியே வந்ததும் ஹெலன் நேரே சுகிர்தாவிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்னாண்ட தனியா சொல்லியிருக்கலாம் இல்ல அண்ணி? இப்படி ஊரு முன்னால நிக்க வெச்சிட்டியே."

"சொல்ல முடியலடி. சத்தியம் பண்ணிட்டேன்."

"சத்தியமாம் சத்தியம்." மூக்கை உறிஞ்சினாள். "எங்க போய் ரத்தம் குடுக்கணும்? அத்தச் சொல்லு."

தாவீது முறைத்துக்கொண்டுதான் வந்தான், ஆனாலும் வந்தான். ரத்தம் கொடுத்துவிட்டு வந்த பிறகு அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. குழம்பு சட்டியிலேயே கிடந்து ஊசிப்போனது. முடிவு வாங்கப் போகிற அன்று ரோசம்மாள் யாரும் கூப்பிடாமலே புடவை மாற்றிக்கொண்டு ரயிலில் ஏறி உட்கார்ந்தாள்.

டாக்டர் இளமதி இரண்டு தாளையும் பார்த்தார். பிறகு ஹெலனைப் பார்த்தார்.

"உனக்கு இருக்கும்மா. உங்க அண்ணன் மாதிரி, ஒரு மோட்டர் ரிப்பேர்."

ஹெலன் சுகிர்தாவின் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"தம்பிக்கு இல்ல. ரெண்டும் நல்லா இருக்கு. நீங்க தாராளமா கட்டிக்கலாம். பொறக்கற கொழந்தை சிலது உன்னை மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஜோஷ்வாவுக்கு வந்தது வராது."

சுகிர்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தாவீது, "இத்தான்க்கா நானும் சொன்னேன்" என்று எதையோ உளறிக்கொண்டே அவளைத் தூக்கப் பார்த்தான். ஜெரால்டு பிள்ளையை மேலே தூக்கித் தூக்கிப் பிடித்தான். எல்லோரும் கிளம்பினார்கள். ரோசம்மாள் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"டாக்டரம்மா, ஒன்னு கேக்கணும்."

"கேளுங்கம்மா."

"ஜெரால்டுக்கு அப்பால, ஹெலனுக்கு முன்னால, எனுக்கு இன்னும் ரெண்டு பொறந்துச்சு. ஜெரால்டு அப்ப வெவரம் தெரியாத புள்ள, இவங்க யாருக்கும் தெரியாது." ஜெரால்டு வாசலில் அப்படியே நின்றான். "ரெண்டும் பொறக்கசொல்லோ நல்லாத்தான் இருந்துச்சு. அப்பால இந்தா, இந்தப் புள்ள மாதிரியே வெளுத்துச்சு. வயிறு உப்புச்சு. ரெண்டு வயசு தாண்டல. நான் அப்ப செங்கச் சூளைக்கிப் போய்க்கினு இருந்தேன். சூளச் சூட்டுல நின்னுட்டு வந்து அப்படியே பால் குடுப்பேன். அந்தச் சூட்டுப் பாலுதான் புள்ளைங்கள வேக வெச்சிட்ச்சின்னாங்க."

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இப்ப டெஸ்ட் பண்ண முடியாது, அதனால உறுதியா சொல்ல மாட்டேன். ஆனா உங்க ரெண்டு பிள்ளைங்களுக்கும் இது இருக்கு. நீங்க சொல்றதப் பாத்தா அந்தக் கொழந்தைங்களுக்கும் ஜோஷ்வாவுக்கு வந்ததுதான் வந்திருக்கணும். பாலால இல்லம்மா. சூட்டுப் பால்னு எந்தப் பாலும் கொழந்தையக் கொல்லாது."

"அப்ப, என்னால இல்லியா?"

"உங்களால மட்டும் வராதும்மா. அப்படின்னா உங்க வீட்டுக்காரருக்கும் இருந்திருக்கணும். ரெண்டும் சேந்தாதான்."

ரோசம்மாள் தலையை ஆட்டினாள். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"கட்டையில போற வரிக்கும் அந்த மன்சன் என்னியத்தான் கொலகாரின்னு சொல்லிக்கினு இருந்தாரு டாக்டரம்மா" என்றாள்.